பயிரைவிடக் கூலி பெரிசாப் போன கணக்கு

(மரக்காணம் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



நாம எப்போ கோரிக்கை வைத்தாலும், "விவசாயி வருமானம்தான் ஏறிக்கிட்டே போகுதே" என்கிறார்கள். யாருக்கு ஏறியது? மத்திய அரசே எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பைப் பார்ப்போம்.

நாடு முழுக்க விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2012-13-ல் 6,426 ரூபாய். 2018-19-ல் 10,218 ரூபாய். ஏறித்தான் இருக்கு. பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். முதல் கணக்கில் பயிரில் வந்தது 3,081, ஏறக்குறைய பாதி. அடுத்த கணக்கில் பயிரில் 3,798தான். கூலி, சம்பளத்தில் 4,063. ஆடு மாட்டில் 1,582. ஆறு வருஷத்தில் பயிர் வருமானம் கூடியது 717 ரூபாய்! டீசலும் ஆள் கூலியும் எவ்வளவு ஏறிச்சுன்னு நம்ம வீட்டுப் பெண்களைக் கேளுங்க, சொல்வார்கள். நிலத்துக்காரன் என்று பேர். அடுப்பு எரிவது அடுத்தவன் கொடுக்கும் கூலியில்.

சராசரி என்பதே ஒரு கண்கட்டு வித்தை. அதே 2012-13-ல் 25 ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு மாதம் 41,388 ரூபாய். ஒரு ஏக்கர் வரை உள்ளவருக்கு 4,152. அவர் குடும்பச் செலவோ 5,401. மாதம் 1,249 ரூபாய் துண்டு விழுது. அது எங்கே போய் நிற்கும்? வட்டிக் கடையில்தான். தமிழ்நாட்டில் அப்போதே நூற்றுக்கு 82 விவசாயக் குடும்பங்களுக்கு மேல் கடனில் இருந்தன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நம் மாநிலத்துச் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கர்கூட இல்லை.

நம்ம பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டில் மானாவாரி மல்லாட்டை, கடற்கரை மணலில் சவுக்கு, தர்பூசணி. சவுக்கு, வருஷக்கணக்கில் காத்திருக்க முடிந்தவனுக்கு. ஒரு ஏக்கர்காரன் அதுவரை என்ன சாப்பிடுவான்? நெல்லுக்காவது மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து, 2025 செப்டம்பர் முதல் சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று ஒரு விலை வந்தது. தர்பூசணிக்கு ஆதரவு விலையே கிடையாது. வியாபாரி வயலோரம் நின்று சொல்வதுதான் விலை.

சரி, உப்பளத்துக்குப் போகலாம் என்றால், வயலை மூழ்கடிக்கிற அதே மழைதான் உப்புப் பாத்தியையும் மூழ்கடிக்குது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. அறிவித்த நிவாரணம் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. மல்லாட்டைக்காரனுக்கு ஏக்கருக்கு 3,440 ரூபாய்! விதைக்கும் உழவுக்கும் காணுமா இது? குத்தகைக்காரர் பாடு அதைவிட மோசம். பி.எம். கிசான் 6,000 ரூபாய்கூட நிலம் யார் பேரில் இருக்கோ அவருக்குத்தான்.

ஆகவேதான் கேட்கிறோம். உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி வைத்து விலை கொடுக்கச் சொன்னது சுவாமிநாதன் ஆணையம்; அந்தச் செலவில் நிலவாடகையையும் சேர்த்து விலை கொடு. மல்லாட்டையை ஆதரவு விலைக்கு நேரடியாக வாங்கு. உழுகிற குத்தகைக்காரரைப் பதிவு செய்து நிவாரணத்தை அவர் கையில் கொடு.

மரக்காணம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வரும்போது சிட்டா உள்ளவர் நகலோடு வாங்க. இல்லாத குத்தகைக்காரர், இந்தப் போகத்துக்கு விதை, உழவு, உரம், கூலி என்று செய்த செலவை ஒரு தாளில் எழுதி எடுத்து வாங்க. வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. கணக்கு அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும்.