மணிலாப் பிண்ணாக்கும் அயல்நாட்டுத் துறைமுகச் சோதனையும்

(கூட்டுறவு விற்பனை சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர், அதை மூட்டையிட்டுச் சங்கக் கிடங்கில் ஒப்புவித்து ரசீது பெற்றுக்கொண்டவுடன் தம் பொறுப்புத் தீர்ந்ததாக எண்ணுவது வழக்கம். ஆனால் அம்மூட்டை கடல் கடந்து செல்லுமாயின், அக்கரையில் அதனை முதலில் எதிர்கொள்பவர் வியாபாரி அல்லர். அந்நாட்டின் சுகாதார உத்தியோகஸ்தரே ஆவார். அவர் ஏற்காத சரக்கு, எவ்வளவு உயர்ந்த விலைக்குப் பேசப்பட்டிருப்பினும், சந்தையை அடையாது. இச்சோதனை எவ்வாறு ஏற்பட்டது, எப்படி நடைபெறுகிறது, கிராமத்துக் களத்துமேட்டிற்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் யாது என்பனவே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

நாடுகள் தம் எல்லையில் இத்தகைய காவல் வைக்கக் கற்றுக்கொண்டது முதன்முதலில் மாட்டினாலேயாம். 1865-ஆம் ஆண்டில் பால்டிக் கடற்கரையிலுள்ள ரெவல் துறைமுகத்தினின்று இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திற்கு வந்த கப்பல் மாடுகளுடன் வெக்கை நோயும் வந்திறங்கிற்று. தொழுவம் தொழுவமாக மாடுகள் மடிந்தன. அடுத்த ஆண்டிலேயே, நோய் கண்ட மாட்டைக் கொன்று புதைக்கவும், நடமாட்டத்தைத் தடுக்கவும் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. அதே 1866-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலும் மாட்டு வியாதிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1898-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் கால்நடை இறக்குமதிச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். அச்சட்டம் 2001-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு இன்றும் வழக்கில் இருந்து வருகிறது.

1920-ஆம் ஆண்டில் நடந்த சம்பவத்தில் இந்நாட்டிற்கும் பங்குண்டு. பிரேஸில் தேசத்துப் பண்ணையார்கள் இந்தியத் திமில் மாடுகளின்மீது பெருவிருப்பங் கொண்டிருந்தனர். அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ச் சீமையின் மாடு இன்றும் அங்கு ‘நெலோரே’ என்ற பெயராலேயே வழங்கிவருவது அதற்குச் சான்று. அவ்வாண்டில் இந்தியாவிலிருந்து பிரேஸிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு சென்ற வெக்கை நோய் அந்நாட்டு மந்தைகளில் புகுந்தது. ஒரு தேசத்தின் நோயை மற்றொரு தேசம் உடனுக்குடன் அறிய வழியில்லாமையே இத்தகைய கேட்டிற்குக் காரணம் என்பதை யாவரும் உணர்ந்தனர். 1924-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், 28 நாடுகள் பாரிஸ் நகரில் ஒப்பந்தம் செய்துகொண்டு, கால்நடை நோய்களுக்கென்று ஒரு சர்வதேச நிலையத்தை ஏற்படுத்தின. அந்நிலையம் இன்று உலகக் கால்நடைச் சுகாதார நிறுவனம் என வழங்குகிறது. வெக்கை நோயோ, இந்தியாவில் 1995-ஆம் ஆண்டிற்குப் பின் தோன்றவில்லை. 2011-ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்தோடு எல்லைக் காவலும் இவ்வெற்றியில் பங்குடையது.

நோயுற்ற மாட்டைக் கண்டால் குடியானவனுக்கே தெரியும். மூக்கு ஒழுகும், கழிச்சல் காணும், தீனியை மறுக்கும். தீவனத்தில் உள்ள கேடோ அவ்வாறு வெளிப்படுவதன்று. இதை உலகம் அறிந்தது 1960-ஆம் ஆண்டில். அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. தொற்றுக் கிருமி எதுவும் அகப்படாமையால், பெயரறியாத வியாதி என்ற பொருளில் அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டனர். இறுதியில், மாண்ட பறவைகள் யாவும் பிரேஸிலினின்று வந்த மணிலாப் பிண்ணாக்குக் கலந்த தீவனத்தைத் தின்றவை என்பது புலப்பட்டது. பிண்ணாக்கில் பச்சையும் மஞ்சளுமான ஒருவகைப் பூசணம் வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நஞ்சைச் சுரந்து வைத்திருந்தது. ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்’ என்னும் அப்பூசணத்தின் பெயரைச் சுருக்கி அந்நஞ்சிற்கு ‘அஃப்ளடாக்ஸின்’ என்று பெயர் வைத்தனர். அதை அளக்க ரசாயன முறை சரிவர அமையாத தொடக்க காலத்தில், பிறந்த வாத்துக் குஞ்சுகளுக்குப் பிண்ணாக்கின் சாரத்தைப் புகட்டி, அவற்றின் ஈரல் கெடுகிறதா என்று பார்ப்பதே பரிசோதனையாக இருந்தது.

அந்நஞ்சின் குணங்களை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்தல் வேண்டும். அதற்கு மணமில்லை, சுவையில்லை. கசந்த கொட்டையில் மட்டுமே கேடுண்டு என்று நம்புவது பிழை. கசப்பில்லாத கொட்டையிலும் அஃது இருக்கக்கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றும் அழிவதில்லை. செக்கிலிட்டு ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு செல்லாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எஞ்சியதும் ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நீங்குகிறது. ஆகவே எண்ணெய் வாங்குகிறவனைக் காட்டிலும் பிண்ணாக்குத் தின்னும் பசுவே முதலில் ஆபத்துக்குள்ளாகிறது. பசு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு, சற்றே உருமாறிப் பாலில் வெளிவருகிறது. அப்பால் குழந்தைகளைச் சேர்கிறது. நீண்டகாலம் சிறிது சிறிதாக உட்கொண்டால் அந்நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஒரேயடியாக மிகுதியாக உட்சென்றால் நேரும் கதியை 1974-ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் எல்லையிலுள்ள பில் மக்களின் கிராமங்களில் காணநேர்ந்தது. மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் 397 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டு, 106 பேர் இறந்தனர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் மடிந்தன.

இக்காரணங்களால் ஐரோப்பிய நாடுகள் கடுமையான அளவுகளை விதித்துள்ளன. நேராக உண்ணத்தக்க மணிலாப் பருப்பில், இந்நஞ்சின் கொடிய வகையாகிய பி-1, கிலோ ஒன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. 1000 டன் பருப்பில், அதாவது பத்து டன் ஏற்றும் லாரிகள் நூற்றில், மொத்தம் 2 கிராம் நஞ்சு என்று கணக்கிட்டால் இவ்வளவின் சிறுமை விளங்கும். பிண்ணாக்கு முதலிய தீவனப் பொருள்களுக்கு 20 மைக்ரோகிராம். கறவைப் பசுவின் கலப்புத் தீவனத்திற்கு 5 மைக்ரோகிராம். பாலிலோ 0.05 மைக்ரோகிராம்தான் அனுமதி. இந்தியாவில் பாலுக்கு வகுத்த அளவு 0.5.

இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைக் காட்டி, சோதனை என்பது விலையைக் குறைக்கப் பிறர் கையாளும் தந்திரமே என்று சொல்வோர் உண்டு. இக்குறை முற்றும் ஆதாரமற்றது என்று தள்ளிவிட இயலாது. 2001-ஆம் ஆண்டில் உலக வங்கியின் பொருளாதார நிபுணர்கள் சிலர் வெளியிட்ட கணக்கின்படி, ஐரோப்பாவின் கடுமையான அளவினால் ஆண்டுதோறும் நூறு கோடி மக்களில் காப்பாற்றப்படும் உயிர்கள் ஒன்றிரண்டே. ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதியில் நேரும் நஷ்டமோ பல கோடி டாலர். ஆயினும் அக்கணக்கில் ஒரு குறை உண்டு. அஃது ஐரோப்பாவில் உண்பவனை மட்டுமே எண்ணியது. விளைவித்த ஊரில் உண்பவனை எண்ணவில்லை. ஹெப்படைடிஸ்-பி என்னும் ஈரல் தொற்று உள்ள உடலில் இந்நஞ்சின் தீங்கு பன்மடங்காகிறது. அத்தொற்று ஐரோப்பாவிலும் பார்க்க ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமே மிகுதி. அயல்நாட்டான் திருப்பியனுப்பிய மூட்டை எங்கே செல்கிறது என்ற கேள்வியை எழுப்பினால் விஷயம் தெளிவாகும்.

அக்கேள்விக்கு முன் சோதனையின் நடைமுறையைச் சிறிது காணலாம். சரக்குப் பெட்டி ஐரோப்பியத் துறைமுகத்தை அடையுமுன்பே, அதன் விவரம் அங்குள்ள கணினிப் பதிவேட்டில் ஏறியிருத்தல் வேண்டும். எல்லைச் சோதனை நிலையத்து அதிகாரி முதலில் தஸ்தாவேஜுகளைப் பார்வையிடுகிறார்: அனுப்பிய நாட்டின் சுகாதார அத்தாட்சிப் பத்திரம், பரிசோதனைச் சாலையின் முடிவு முதலியன. அடுத்து, பத்திரத்தில் கண்ட குறியெண்ணும் மூட்டையின் மேல் உள்ள குறியெண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குகிறார். மூன்றாவதாகப் பொருளையே சோதிக்கிறார். உயிருள்ள பிராணிகளாயின் ஒன்று தவறாமல் இச்சோதனைக்கு உட்படும். மணிலாக்கொட்டை போன்ற சரக்கிற்கு, அதை அனுப்பும் நாட்டின் முந்திய நடத்தையைப் பொறுத்து, இத்தனை பெட்டிகளுக்கு ஒன்று என விகிதம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்திற்கொருமுறை அவ்விகிதம் ஆராயப்பெறும். தவறுகள் மிகுந்தால் விகிதம் உயரும், குறைந்தால் தாழும்.

மாதிரி எடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. பெரிய சரக்காயின் 100 இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, 20 கிலோ திரட்டி, அரைத்துக் கலந்த பின்னரே பரிசோதிக்கிறார்கள். இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம், நஞ்சு சரக்கு முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதே. ஆயிரம் பருப்பு குற்றமற்றதாயிருக்க, ஒரு பருப்பில் மட்டும் நஞ்சு திரண்டிருக்கும். தன் எடையில் ஆயிரத்திலொரு பங்கு நஞ்சு ஏறிய பருப்புகளும் பரிசோதனையில் அகப்பட்டதுண்டு. அத்தகைய அரை கிராம் பருப்பு ஒன்று, 250 கிலோ சரக்கை அனுமதித்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது. தேறாத சரக்கை அழிக்க வேண்டும், அல்லது திருப்பியனுப்ப வேண்டும், அல்லது உரிய முறையில் பக்குவஞ்செய்து வேறு உபயோகத்திற்குத் திருப்ப வேண்டும். காத்திருந்த நாட்களின் கூலியும் கப்பற்கூலியும் சரக்குக்குரியவர் தலையில் விழும். செய்தியோ உடனே ஒன்றியத்தைச் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் பரவிவிடும்.

இந்திய சர்க்காரின் ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனமாகிய ‘ஏபீடா’, மணிலாப் பருப்பு உடைக்கும் ஆலைகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு பாகத்திற்கும் குறியெண் இட்டு, கப்பலேறுமுன் பரிசோதிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. இஃது நல்ல ஏற்பாடே. ஆனால் ஆலைக்கு வருமுன்னரே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது.

பூசணத்தின் வித்து வயலின் மண்ணிலேயே உள்ளது. அறுவடைக்கு முந்திய நான்கைந்து வாரங்களில் வறட்சி நேர்ந்து, மண் சூடேறினால், காய் நிலத்திலிருக்கும்போதே அது உட்புகும். நீர் வசதியுள்ளோர் அக்காலத்தில் ஒரு பாய்ச்சல் கொடுப்பது, வேறெந்தச் செலவிலும் மேலான பயனைத் தரும். களைக்கொட்டும் மண்வெட்டியும் பட்டுக் காயமுற்ற காயும், புழு துளைத்த காயும் பூசணத்திற்குத் திறந்த வாசல்கள். பிடுங்கிய செடிகளைக் குவியலாகப் போட்டுவைக்காமல், காய் மேல்நோக்கி இருக்குமாறு பரப்பிக் காயவைத்தல் வேண்டும். காயை எடுத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும் என்பது முதியோர் கண்ட சோதனை. அது நல்ல சோதனையே, எனினும் போதாது. பருப்பில் ஈரம் நூற்றுக்கு 7 பங்கிற்கு மேற்படலாகாது. அதைக் காட்டும் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்தால், ஈரமூட்டை கிடங்கினுள் நுழைவதைத் தடுக்கலாம்.

உலர்ந்த காயைத் தொலிப்பதற்கு முன் அதன்மேல் நீர் தெளிக்கும் வழக்கமே எல்லாவற்றிலும் பொல்லாதது. பருப்பு உடையாது, எடையும் சற்றுக் கூடும் என்பதற்காக அவ்வாறு செய்கிறார்கள். மூன்று நாள் வெயிலின் பயனை மூன்று குடம் நீர் போக்கிவிடுகிறது. அறுவடைக்குப்பின் நிலத்தில் தங்கிய காயைக் கூலிப் பெண்கள் தோண்டிப் பொறுக்குவதும் உண்டு. அது அவர்களுடைய நியாயமான வரும்படி. அதைத் தடுப்பது தகாது. ஆனால் மண்ணில் நெடுநாள் கிடந்த அக்காயில் கேடு மிகுதி என்பதால், அதை மற்ற சரக்கோடு கலக்காமல் தனியே எடையிட்டு, தனியே வைத்தல் அவசியம். அதை வாங்கி உண்ணும் குடும்பத்திற்கும் இச்செய்தி எட்ட வேண்டும்.

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கிராம நாணய சங்கங்களில், ஒருவர் கடனைச் செலுத்தாவிடில் மற்ற அங்கத்தினர் யாவரும் பொறுப்பாளிகளாவது விதியாக இருந்தது. கிடங்கில் சேரும் மூட்டைகளுக்கு அவ்விதி எழுதப்படாமலே அமைந்திருக்கிறது. நாற்பது பேர் நன்றாக உலர்த்தி அளித்த சரக்கு, நாற்பத்தொன்றாமவர் அவசரத்தில் கொண்டுவந்த ஈரமூட்டையால் ஆன்ட்வெர்ப்பிலோ ராட்டர்டாமிலோ தள்ளுபடியாகலாம். அவரவர் மூட்டைக்கு அவரவர் எண்ணை இட்டு, பாகம் பாகமாகப் பிரித்து அடுக்கிவைப்பது, நட்டம் யாரால் என்று அறிவதற்கு மட்டுமன்று, நட்டத்தை ஒரு பாகத்தோடு நிறுத்தவும் உதவும்.

இனி, முன்பு எழுப்பிய கேள்வி. ஏற்றுமதிக்காகப் பருப்பைத் தெரிந்தெடுக்கும்போது சுருங்கியதும், நிறம் மாறியதும், பூத்ததும் ஒதுக்கப்படுகின்றன. நஞ்சின் பெரும்பகுதி இவ்வொதுக்கலிலேதான் இருக்கிறது. அதனால்தான் தெரிந்தெடுத்த சரக்குத் தேறுகிறது. ஆனால் ஒதுக்கிய பருப்பை எறிவார் இல்லை. குறைந்த விலைக்கு உள்ளூர்ச் செக்கிற்குப் போகிறது. எண்ணெய் ஒரு வழியாகவும் பிண்ணாக்கு ஒரு வழியாகவும் பிரிகின்றன. பிண்ணாக்கு மலிவாகக் கிடைப்பதால் ஏழைக் குடியானவனின் கறவைப் பசுவே அதைப் பெரிதும் தின்கிறது. எல்லையில் எவ்வளவு நுட்பமான சோதனை இருந்தும், இவ்வழிக்குக் காவல் ஒன்றுமில்லை. அயலாரின் குழந்தைக்கு ஆகாதது உள்ளூர்க் குழந்தையின் பாலில் சேர்கிறது. அம்மோனியாவைக் கொண்டு பிண்ணாக்கின் நஞ்சைப் போக்கும் முறை சில நாடுகளில் உண்டு. அதற்கு ஆலையும் அனுபவமும் வேண்டும், கிராமத்தில் செய்வதற்கில்லை.

ஆகவே ஒதுக்கிய பருப்பைச் சங்கமே எடையிட்டு வாங்கி, செக்கிற்கு விடாமல் எரித்துவிடுவது ஒரு வழி. அதற்காகும் பணத்தை, தேறிய சரக்கிற்குக் கிடைக்கும் மேல்விலையிலிருந்து, அங்கத்தினர் அளித்த எடைக்கேற்பப் பிடித்துக்கொள்ளலாம். எண்ணெய்க்காக ஆட்டியே தீரவேண்டுமெனில், அந்தப் பிண்ணாக்கு தொழுவத்திற்குப் போகாமல் வயலுக்கு எருவாகப் போகும்படி, மூட்டையின்மேல் ‘எருவுக்கு மட்டும்’ என்று மையினால் எழுதி, தனிக் கணக்கில் விற்றல் வேண்டும். இவற்றில் எது தம் ஊருக்குப் பொருந்தும் என்பதை, அறுவடை தொடங்குமுன்னரே நிர்வாகக் கமிட்டியார் கூடி, விலையோடும் எடையோடும் நிச்சயித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நலம்.