பனை வைத்த வள்ளல்கள்



"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான்; பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பது நம் நாட்டுப்புறத்துப் பழமொழி. கல்விக்குப் பொருள் ஈவோர் பனை வைத்தவரை ஒத்தவர். சிலருக்கோ பார்க்கும் பேறுகூடக் கிட்டுவதில்லை. கல்கத்தாவில் அத்தகையோர் செய்த ஈகை ஒரு பல்கலைக் கழகத்தின் நோக்கத்தையே விரிவாக்கிய வரலாற்றை இன்று உங்களோடு நினைவுகூர விரும்புகின்றேன்.

1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக் கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தலும் ஆராய்தலும் அதன் கடமையாதல் வேண்டும் எனத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி எண்ணினார். எண்ணம் இருந்தது, பொருள் இல்லை. அரசாங்க உதவி போதவில்லை. அந்நிலையில், வழக்கறிஞர் தாரகநாத் பாலித் 1912-இல் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள செல்வத்தை அளித்தார். மறு ஆண்டில் மற்றொரு வழக்கறிஞரான ராஷ்பிகாரி கோஷ் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். 1914 மார்ச்சில் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்வாண்டிலேயே பாலித் மறைந்தார்.

அவர் வைத்த பொருளால் பேராசிரியப் பதவிகள் ஏற்பட்டன. இந்தியரே அவற்றை வகித்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. உயர் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாயிருந்த அக்காலத்தில், அந்த ஒரு வரி கதவொன்றைத் திறந்துவிட்டது.

அக்கதவின் வழியே நுழைந்தவர் ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தவர். உத்தியோகம் பார்த்த நேரம் போக எஞ்சிய காலையையும் மாலையையும் பௌபஜார்த் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்திற் கழித்தார். அச்சங்கமும் நன்கொடையிற் பிறந்ததே. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பலரிடமும் பொருள் திரட்டி 1876-இல் அதனை நிறுவினார். தாம் விரும்பிய அளவுக்கு ஆராய்ச்சி தழைக்கவில்லையே என்ற மனக்குறையோடு 1904-இல் அவர் கண்மூடினார். மூன்றே ஆண்டுகளில் இராமன் அங்கு வந்து சேர்ந்தார்!

1917-இல் இராமன் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் பாலித் பேராசிரியரானார். அயல்நாட்டிற் பயின்றிருத்தல் வேண்டும் என்றொரு விதி குறுக்கிட்டது. அதற்காகக் கடல் கடந்து செல்ல அவர் இசையவில்லை. பல்கலைக் கழகம் விதியைத் தளர்த்தி அவரை ஏற்றது. கொடையின் எழுத்தைவிட அதன் நோக்கமே பெரிதெனக் கண்ட செயல் அது. 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவு, அறிவிக்கப்பெற்றது. ஆய்வில் அவருக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணனும் தமிழரே. 1930-இல் நோபெல் பரிசு வந்தது. பாலித்தும் காணவில்லை, சர்க்காரும் காணவில்லை.

ஈகை ஈகையை வளர்க்கும் என்பதற்கும் இக்கல்லூரியே சான்று. அங்கு இரசாயனத்துறையின் பாலித் பேராசிரியராயிருந்த பிரபுல்ல சந்திர ராய், அறுபது வயது நிறைந்தபின் தம் ஊதியத்தைப் பல்கலைக் கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார்.

நேயர்களே, வேற்று மாநிலங்களில் வாழும் நாம் பிறந்த ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் பொருள் அனுப்புகின்றோம். அது நன்று. எனினும், கொடுத்தவர் வங்காளியர், பெற்றவர் தமிழர், பயன் துய்த்தது உலகம் என்பதை எண்ணிப் பாருங்கள். நமக்குச் சோறிட்ட ஊரின் கல்லூரிக்கும் நாம் கடன்பட்டவர்களல்லரோ? இலட்சங்கள் நம்மிடம் இல்லாதிருக்கலாம். சர்க்காரின் சங்கமோ பலர் கொடுத்ததைச் சேர்த்து எழுந்தது. ஓர் ஏழை மாணவனின் தேர்வுக் கட்டணம், நூலகத்துக்குச் சில நூல்கள், ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கருவி ஆகியவை நம் கைக்கு எட்டுவனவே. அவன் எம்மொழியினன் என்று கேளாமல் கொடுப்போம். பாலித் வைத்த பொருள் இராமனை அவ்வாறு கேட்கவில்லை.