அறிவின் உடைமையும் அரசின் கொள்வனவும்

வர்த்தகம் என்றவுடன் துறைமுகமும் பண்டகசாலையும் சுங்கச் சாவடியுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஒரு நாடு அயல்நாட்டுப் பண்டத்தை வரவேற்கின்றதா, விலக்குகின்றதா என்று அறிய விரும்பியோர் நெடுங்காலமாக அந்நாட்டின் சுங்கவரி அட்டவணையையே புரட்டிப் பார்த்து வந்தனர். ஆனால், மென்பொருளும் ஒலிப்பதிவும் திரைப்படமும் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் எல்லை கடக்கும் இக்காலத்தில் அவ்வட்டவணை சொல்லும் செய்தி மிகக் குறைவு. 1996 ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை, கணினி முதலிய கருவிகளின் மீதிருந்த வரியை நீக்க வழி செய்தது. 1998 ஆம் ஆண்டில் உலக வர்த்தகத் தாபனத்தின் உறுப்பு நாடுகள், இலத்திரனியல் முறையில் அனுப்பப்படுவனவற்றுக்குச் சுங்கவரி விதிப்பதில்லை எனத் தற்காலிகமாக உடன்பட்டன. அவ்வுடன்பாடு பின்னர்ப் பன்முறை நீடிக்கப்பட்டது.

மதில் தாழ்ந்தமையால் வாயிலும் திறந்துவிட்டது எனக் கொள்ளலாமா? கொள்வதற்கில்லை. வரி நீங்கிய பின்னரும் இரண்டு கதவுகள் எஞ்சியிருந்தன. இன்னாருடைய அறிவு இன்னாருக்கு உரியது என்று வரையறுக்கும் புலமைச் சொத்துச் சட்டம் ஒன்று. அரசாங்கம் தனக்கு வேண்டியவற்றை யாரிடம் வாங்கலாம் என்று வகுக்கும் கொள்வனவு விதி மற்றொன்று. இவ்விரண்டும் கைகோத்து டிஜிட்டல் வர்த்தகத்தை எவ்வாறு ஆளுகின்றன என்பதைச் சீன தேசத்தின் அநுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிற் புலமைச் சொத்தை நோக்குவோம். ஒரு தச்சன் நூறு நாற்காலி செய்யவேண்டுமாயின் நூறு தடவை உழைக்க வேண்டும். மென்பொருள் அத்தகையதன்று. முதற் பிரதியை ஆக்குதற்குப் பெரும் பொருளும் பல்லாண்டு உழைப்பும் தேவை. ஆயிரமாவது பிரதிக்கோ செலவு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, பிறர் பிரதி செய்வதைத் தடுக்கும் சட்டமே அதனை ஆக்கியோனுக்கு வேலி. பதிப்புரிமை, ஆக்கவுரிமை, வியாபாரக் குறி, வர்த்தக இரகசியம் என அவ்வேலி பலவகைப்படும். மனிதன் வாசித்து விளங்கிக் கொள்ளத்தக்கதாக எழுதப்பட்ட மூலநிரலை அந்நியர் கண்ணிற் படாது காப்பது இக்கடைசி வகையைச் சேர்ந்தது.

இனிக் கொள்வனவை நோக்குவோம். எந்த நாட்டிலும் கணினியையும் மென்பொருளையும் மிகுதியாக வாங்குவோருள் அரசாங்கம் முதன்மையானது. அதன் கேள்விப்பத்திரம் ஒரு கொம்பனியின் ஓராண்டு வருவாயை மட்டும் தீர்மானிப்பதில்லை. அமைச்சு எம்மென்பொருளிற் கடிதம் எழுதுகின்றதோ, அம்மென்பொருளையே அமைச்சுடன் தொடர்புகொள்ளும் வங்கியும் பாடசாலையும் வியாபாரியும் நாடுவர். அரசாங்கத்தின் தெரிவு சந்தையின் தெரிவாகிவிடுகின்றது.

இவ்விரு துறைகளையும் சர்வதேசச் சட்டம் ஒரே விதமாக நடத்தவில்லை என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்கற்பாலது. 1995 ஆம் ஆண்டு உலக வர்த்தகத் தாபனம் தோன்றியபோது, புலமைச் சொத்துப் பற்றிய உடன்படிக்கை உறுப்பு நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்துவதாக அமைந்தது. அயல்நாட்டவரின் உரிமையையும் சொந்த நாட்டவரின் உரிமையையும் ஒரு கண்ணாற் பார்த்தல் வேண்டுமென அது விதித்தது. அரசாங்கக் கொள்வனவோ அத்தகைய கட்டுப்பாட்டுக்கு உட்படவில்லை. காட் உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரை, அரசாங்கம் தன் உபயோகத்துக்கு வாங்கும் பண்டங்களில் உள்நாட்டுக்குச் சலுகை காட்டுவதை அனுமதித்து விலக்களிக்கின்றது. கொள்வனவு பற்றித் தனி உடன்படிக்கை ஒன்று உண்டு. எனினும், அதில் விரும்பிக் கைச்சாத்திட்ட நாடுகளையே அது கட்டுப்படுத்தும். இவ்விடைவெளி வழியாகவே பின்வரும் வரலாறு முழுவதும் நடந்தேறியது.

சீனா 2001 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆந் திகதி உலக வர்த்தகத் தாபனத்திற் சேர்ந்தது. புலமைச் சொத்து உடன்படிக்கை அன்றே அதனைப் பிணித்தது. கொள்வனவு உடன்படிக்கையிலும் சேர முயல்வதாக அது வாக்களித்தது. 2007 ஆம் ஆண்டு இறுதியில் விண்ணப்பமும் செய்தது. 2019 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் திருத்திய முன்மொழிவை அளித்த பின்னரும் பேச்சு முடிவுறாது நீண்டது. எனவே, ஒரு கை கட்டப்பட்டும் மறுகை கட்டின்றியும் இருந்தது அந்நாட்டு அரசாங்கம்.

சீனாவின் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்டல் வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் டீ.வீ.டீ. கருவிகளுட் பெரும்பங்கு சீனத் தொழிற்சாலைகளிலேயே உருவாயிற்று. எனினும், அக்கருவிகளின் ஆக்கவுரிமை பிற தேசத்துக் கொம்பனிகளிடம் இருந்தமையால், ஒவ்வொரு கருவிக்கும் உரிமைப்பணம் வெளியே சென்றது. உழைத்தவன் கையில் எஞ்சியது சொற்பம். பிறர் அறிவுக்கு வாடகை செலுத்திக்கொண்டே எத்தனை காலம் வாழ்வது என்ற கேள்வி அங்கு எழுந்தமை இயல்பே. 2006 ஆம் ஆண்டில் வெளியான பதினைந்தாண்டு விஞ்ஞான தொழில்நுட்பத் திட்டம், அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தில் தங்கியிருக்கும் அளவை 2020 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 30 வீதத்துக்கும் கீழே இறக்கவேண்டுமெனக் குறி வைத்தது. சுதேசப் புத்தாக்கம் என்பதே அதன் மந்திரம்.

அம்மந்திரம் செயலான விதத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டலாம். கம்பியில்லாக் கணினி வலையமைப்புகளுக்கெனச் சீனா 2003 ஆம் ஆண்டில் தனக்கென ஒரு பாதுகாப்புத் தரத்தை வகுத்தது. அதன் மறையீட்டு முறை, தெரிந்தெடுக்கப்பட்ட சில உள்நாட்டுக் கொம்பனிகளிடம் மட்டுமே ஒப்படைக்கப்பட்டது. அயல்நாட்டு உற்பத்தியாளன் சந்தைக்குள் வரவேண்டுமாயின், தன் போட்டியாளனாகிய அக்கொம்பனியை அணுகித் தன் கருவியின் நுட்பங்களை அவன் முன் விரித்து வைத்தே ஆகவேண்டும். ஐக்கிய அமெரிக்கா வன்மையாக ஆட்சேபித்தது. 2004 ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்தரத்தைக் கட்டாயமாக்குவதைக் காலவரையறையின்றி ஒத்திவைக்கச் சீனா இசைந்தது. விஷயம் அத்துடன் முடிந்ததா? இல்லை. 2005 ஆம் ஆண்டு டிசம்பரில், அதே தரத்துக்கு அமைந்த கருவிகளுக்கு அரசாங்கக் கொள்வனவில் முதலிடம் அளிக்குமாறு பணிப்புரை பிறந்தது. கட்டளையாக வெளியே சென்றது கேள்விப்பத்திர நிபந்தனையாக உள்ளே வந்தது!

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் வெளிப்படையானது. 2009 ஆம் ஆண்டு நவம்பரில் சீன அமைச்சுகள் ஒரு சுற்றறிக்கை விடுத்தன. கணினி, தொடர்பாடற் கருவி, அலுவலகக் கருவி, மென்பொருள் உட்பட ஆறு வகைப் பண்டங்களுக்குச் சுதேசப் புத்தாக்கச் சான்று வழங்கப்படும். சான்று பெற்றவை அரசாங்கக் கொள்வனவில் முன்னுரிமை பெறும். சான்று பெறுவது எப்படி? பண்டத்தின் புலமைச் சொத்து சீனாவில் உரித்தாக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதன் வியாபாரக் குறியும் முதன்முதல் அங்கேயே பதியப்பட்டிருத்தல் வேண்டும்.

நேயர்களே, இந்நிபந்தனையின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். உன் ஆக்கவுரிமையை மதியேன் என்று கூறின் அது புலமைச் சொத்து உடன்படிக்கையை மீறியதாகும். உன் பண்டத்தை இறக்குமதி செய்யவிடேன் என்று கூறின் காட் உடன்படிக்கையை மீறியதாகும். நீ உன் உரிமையை வைத்துக்கொள். நான் வேறொருவனிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று கூறினாலோ எவ்வுடன்படிக்கையும் எளிதிற் குறுக்கே நிற்பதில்லை. சட்டமியற்றுவோன் வாங்குவோனாகவும் வந்து நிற்கும்போது, சட்டத்தாற் செய்ய இயலாததைப் பணப்பையாற் செய்து முடிக்கின்றான்.

எதிர்ப்பு அமெரிக்காவிலிருந்து மட்டும் வரவில்லை; ஐரோப்பாவும் ஜப்பானும் குரல் கொடுத்தன. சீனாவிலேயே தொழிற்சாலை நிறுவி, சீனத் தொழிலாளரை அமர்த்தி, ஆனால் ஆக்கவுரிமையை வெளிநாட்டில் வைத்திருந்த கொம்பனிகள், தாம் உள்நாட்டுக் கொம்பனிகளா அல்லவா என்று திகைத்தன. 2011 ஆம் ஆண்டு ஜனவரியில் வொஷிங்டன் சென்ற ஜனாதிபதி ஹூ ஜின்டாவோ, புத்தாக்கக் கொள்கையையும் கொள்வனவுச் சலுகையையும் ஒன்றோடொன்று பிணைப்பதில்லை என வாக்களித்தார். அவ்வாண்டு நடுப்பகுதியில் நிதியமைச்சு இது தொடர்பான மூன்று விதிகளை நீக்கியது.

கதவு மூடப்பட்ட இடத்திற் சாளரம் ஒன்று திறந்தது. அதன் பெயர் பாதுகாப்பு. 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் கணினிகளுக்கு வின்டோஸ் எட்டாம் பதிப்பை வாங்கலாகாதெனக் கட்டளை பிறந்தது. வங்கிகளுக்குக் கணினிப் பொருள் விற்போர் மூலநிரலைக் கையளிக்க வேண்டுமென்னும் விதி, அவ்வாண்டு இறுதியில் எழுந்து 2015 ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

வழக்குகளும் நிகழாமலில்லை. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கா தொடுத்த வழக்கில், தணிக்கையால் தடுக்கப்பட்ட நூல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பை மறுத்தமை தவறென 2009 ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று; ஆயினும், குற்றவியல் நடவடிக்கைக்கான வரம்பு பற்றிய முறைப்பாட்டை அமெரிக்கா நிரூபிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், மற்றொரு வழக்கில் மேன்முறையீட்டுச் சபை, ஒலிப்பதிவுகளை விநியோகிக்கச் சீனா அளித்த வாக்குறுதி இலத்திரனியல் விநியோகத்தையும் உள்ளடக்கும் எனக் கூறியது. பழைய வாக்குறுதியின் சொற்கள் புதிய வர்த்தகத்தையும் தழுவும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2018 ஆம் ஆண்டில் அமெரிக்கா பொறுமை இழந்தது. தொழில்நுட்பத்தைச் சீனா நிர்ப்பந்தித்துப் பெறுகின்றது எனக் குற்றஞ்சாட்டி, ஜூலை 6 ஆந் திகதி 3,400 கோடி டொலர் பெறுமதியான சீனப் பண்டங்களின் மீது மேலதிக வரி விதித்தது. அவ்வரி விதிப்பு விதிகளுக்கு முரணானதென உலக வர்த்தகத் தாபனத்தின் நடுவர் குழு 2020 ஆம் ஆண்டு செப்டம்பரிற் கூறியது. இதற்கிடையில், சீனா 2019 ஆம் ஆண்டு மார்ச்சில் அயல்நாட்டு முதலீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தித் தொழில்நுட்பத்தைக் கைமாற்றச் செய்யலாகாதென்றும், சீனாவில் உற்பத்தி செய்யும் அயல்நாட்டு முதலீட்டுக் கொம்பனிகளைக் கொள்வனவிற் சமமாக நடத்த வேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகின்றது.

இவ்விடத்தில் அமெரிக்காவின் கையும் வெறுமையன்று. உள்நாட்டுப் பண்டத்தையே அரசாங்கம் வாங்கவேண்டும் என்னும் சட்டத்தை அது 1933 ஆம் ஆண்டிலேயே இயற்றியது. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஹுவாவே முதலிய சீனக் கொம்பனிகளின் தொடர்பாடற் கருவிகளை மத்திய அரசாங்கம் வாங்கலாகாதென விதித்தது. சீனா எடுத்த ஆயுதத்தைச் சீனாவுக்கு எதிராகவே அமெரிக்காவும் எடுத்தது. முன்னர் ஆக்கவுரிமையைச் சுமையாகக் கருதிய சீனாவோ, தன் கொம்பனிகள் ஆக்கவுரிமை குவிக்கத் தொடங்கியதும் 2014 ஆம் ஆண்டில் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ நகரங்களிற் புலமைச் சொத்துக்கெனத் தனி நீதிமன்றங்களை நிறுவியது. உடைமையற்றவன் வேலியை வெறுக்கின்றான்; உடைமை வந்ததும் வேலியைப் போற்றுகின்றான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பேரரசுகள் மோதும்போது இரு பக்கமும் தாங்கிக்கொள்ளும் வலிமை உண்டு. பேரம் பேசும் வலிமையற்றவன் சிறு நாட்டு மென்பொருள் ஆக்குநனே. அவன் வாசலில் நிற்கும்போது கேட்கப்படுவது, மூலநிரலைக் கொடு அல்லது உரிமையைப் பெயர்த்து எழுது என்பதாயின், அவன் திரும்பிச் செல்வதைத் தவிர வழியில்லை. மறுபுறம், தன் மக்களின் வரிப்பணத்தாற் கணினி வாங்கும் அரசாங்கம், அது பழுதுறும்போது அயலான் கையையே எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளாகலாகாது என்பதும் நியாயமே. பாதுகாப்பைச் சோதித்தல் வேறு; பறித்துக்கொள்ளுதல் வேறு. 2003 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் கொம்பனி வின்டோஸின் மூலநிரலைச் சீன அரசாங்கம் பார்வையிட உடன்பட்டது. உரிமை கைமாறாமலே ஐயம் தீர்க்க வழியுண்டு என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

இலங்கையும் கொள்வனவு உடன்படிக்கையைப் பொறுத்தவரை அவதானி நாடாகவே இருந்து வந்துள்ளது. நமது புலமைச் சொத்துச் சட்டமோ 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமாகும். ஒரு கை கட்டப்பட்டு மறுகை கட்டின்றி இருக்கும் நிலை நமக்கும் புதிதன்று. ஆதலின், நமது கேள்விப்பத்திரங்களில் எழுதப்படும் ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு வினாவாற் சோதித்தல் நன்று: இந்நிபந்தனை வாங்கும் பொருளின் தரத்தைக் காக்கின்றதா, அல்லது விற்போனின் அறிவைக் கேட்கின்றதா? முன்னையதாயின் எழுதுக. பின்னையதாயின், நாளை நம் இளைஞன் அயல்நாட்டு வாயிலில் நிற்கும்போது அதே வினா அவனிடமும் கேட்கப்படும் என்பதை நினைவிற் கொண்டு எழுதுக.