“உனக்கு எது விருப்பம்?” – வீட்டிலேயே இங்கிலீஷ் பேசப் பழகுவோம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, கைகால் கழுவி நேரே இங்கே வந்திருக்கிறீங்க. அதனாலே நீட்டி முழக்க மாட்டேன். பிள்ளைங்க இங்கிலீஷ் பேசப் பழகுறதுக்குக் காசு செலவில்லாத ஒரு வழியைச் சொல்லிட்டுப் போறேன்.

“இங்கிலீஷ் நமக்கு வராது” என்று யாரும் சொல்லாதீங்க. லயம் என்கிறோமே, அது ‘லைன்’ என்ற இங்கிலீஷ் சொல்தான். பெரட்டு என்பது ‘பரேட்’. இஸ்டோரு, டிவிசன், செக்ரோல் எல்லாம் அப்படித்தான். 1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இந்தச் சொற்கள் நம்ம வாயிலே ஊறிப் போச்சு. ஆனால் ஒன்றைக் கவனிச்சீங்களா? எல்லாமே வேலைச் சொற்கள். “எனக்கு இது விருப்பம், இது வேணாம்” என்று நம்மைப் பற்றிச் சொல்கிற சொல் ஒன்றுகூட அதிலே இல்லை.

காரணம் உங்களுக்கே தெரியும். பெரட்டுக்களத்திலே பேர் கூப்பிட்டு, “நீ அந்த மலைக்கு, நீ இந்த மலைக்கு” என்று பிரிச்சு விடுவாங்க. உனக்கு எது விருப்பம் என்று நம்ம பாட்டன் பாட்டியை யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் லயத்துக் காம்பராவுக்குள்ளேயும் வந்திட்டுது. பிள்ளைகளை நாமும் கேட்கிறதில்லை. பிறகு ஒரு நேர்முகப் பரீட்சையிலே, “உனக்கு ஏன் இந்த வேலை பிடிக்கும்?” என்று இங்கிலீஷில் கேட்டால், பிள்ளை கூடப் போன அம்மாவின் முகத்தைப் பார்க்குது. பாடம் படிச்ச பிள்ளைதான். தன் விருப்பத்தைச் சொல்லித்தான் பழக்கமில்லை.

அதனாலே முதல் பாடம் தமிழிலேயே தொடங்கணும். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலே ஒரு கேள்வி. “ரொட்டி விருப்பமா, பாண் விருப்பமா? ஏன்?” அந்த ‘ஏன்’தான் முக்கியம். “சும்மா” என்றால் விடக்கூடாது. ஒரு காரணம் வரணும்.

அடுத்த நாள் அதையே இங்கிலீஷில் சொல்லட்டும். “ஐ லைக் ரொட்டி.” பிடிக்காட்டி, “ஐ டோன்ட் லைக் ரொட்டி.” இரண்டிலே ஒன்று கூடுதலாய்ப் பிடிக்கும் என்றால், “ஐ பிரிஃபர் ரொட்டி டு பிரெட்.” பின்னாலே ‘பிகாஸ்’ போட்டுக் காரணம். “பிகாஸ் மை மதர் மேக்ஸ் இட்.” இவ்வளவுதான். இந்த நாலு அச்சும் கையிலே இருந்தால் நூறு வசனம் வார்க்கலாம்.

நம்ம பிள்ளைங்க தடுக்கி விழுகிற இடம் மூன்று. “ஐ ஆம் லைக்” என்பாங்க. அங்கே ‘ஆம்’ வேண்டாம். ‘பிரிஃபர்’ போட்டால் பின்னாலே ‘டு’ வரும், ‘தேன்’ வராது. மூன்றாவது, “ஐ லைக் டீ” என்றால் எனக்குத் தேத்தண்ணி எப்பவும் பிடிக்கும் என்று அர்த்தம். இப்ப ஒரு கோப்பை வேணும் என்றால் “ஐ வுட் லைக் டீ” என்று சொல்லணும். நாளைக்கு ஹோட்டலிலோ கடையிலோ வேலைக்குப் போற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தினமும் உதவும்.

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க எப்படிச் சொல்லிக் கொடுக்க?” என்று தாய்மார் கேட்பீங்க. நீங்க ஒரே ஒரு சொல் படிச்சால் போதும். ‘வை?’ ஏன் என்று அர்த்தம். நீங்க ‘வை?’ என்று கேளுங்க. பிள்ளை ‘பிகாஸ்’ என்று தொடங்கட்டும். சரி பிழையைப் பள்ளிக்கூடத்து டீச்சர் பார்த்துக்குவாங்க. ஒரு பிள்ளை வாசலில் நின்று இங்கிலீஷ் பேசினால், “தொரை வந்திட்டாரு” என்று கேலி பண்ணாதீங்க. ஒரு சிரிப்பு போதும், பிள்ளை ஒரு வருசத்துக்கு வாய் திறக்காது.

சின்ன விசயத்திலே பழகினதும் பெரிய விசயத்துக்குப் போங்க. காமன் கூத்து பிடிக்குமா, கிரிக்கெட் பிடிக்குமா? ஹட்டனில் படிக்கிறது விருப்பமா, நுவரெலியாவிலா? கடைசியாக, சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு என்ன செய்ய விருப்பம்? உயர்தரமா, தொழிற்பயிற்சியா? “ஐ வுட் லைக் டு பி அ டீச்சர், பிகாஸ்...” என்று பிள்ளை சொல்லட்டும். முக்கியமாகப் பொம்பிளைப் பிள்ளைகளைக் கேளுங்க. கொழும்புக்கு வேலைக்கு அனுப்புறதை நாம முடிவு பண்ணிவிட்டு, பஸ் ஏறுற அன்றைக்குச் சொல்வது முறையில்லை. பிள்ளை கேட்டதெல்லாம் கொடுக்க நம்மிடம் வசதி இல்லாமல் இருக்கலாம். காது கொடுத்துக் கேட்கக் காசு தேவையில்லை. நம்ம கஷ்டத்தையும் காரணத்தோடு பிள்ளைக்குச் சொல்லலாம்.

இந்த நாட்டிலே சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வைத்தது. ஆகவே தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் படிக்கச் சொல்லவில்லை. மடக்கும்புர தோட்டத்திலே 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரானவர். தமிழிலும் எழுதினார். தோட்டத்து ஜனங்களின் துயரத்தை இங்கிலீஷிலும் பாடி, நம்மைத் தெரியாதவர்களுக்கும் தெரிய வைத்தார். நம்ம மனசிலே உள்ளதை நம்ம பிள்ளைங்களே அடுத்தவங்களுக்குச் சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் பாஷை.

இன்றைக்கு ராத்திரியே தொடங்குங்க. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு ‘வை’, ஒரு ‘பிகாஸ்’. அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. இந்த மேடையிலே ஆளுக்கு இரண்டு வசனம் பேசட்டும். நாம எல்லாரும் கைதட்டிக் கேட்போம்.