கைகள் மட்டும் போதும் என்றார்கள்!

(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



"வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை!" பண்ணை முதலாளியின் நாவில் நாளெல்லாம் நடமாடும் சொல் இது. எந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கேளுங்கள், விடை வராது. அந்தச் சொல்லையே ஒரு வல்லரசு சட்டமாக்கிய வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1942. உலகப் போர் உக்கிரமாக நடந்த நேரம். அமெரிக்க வயல்களில் உழைத்தோர் பலர் படைக்கும் ஆலைக்கும் சென்றுவிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் அமெரிக்க அரசு மெக்சிகோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி வந்தவர்களுக்குப் 'பிராசெரோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில், கைகளால் உழைப்பவன் என்பது பொருள். பெயரே அவர்கள் எண்ணத்தைக் காட்டிவிட்டதன்றோ? கைகள் வேண்டும், அக்கைகளுக்கு உரியவன் வேண்டாம்!

போர் 1945-இல் முடிந்தது. திட்டம் முடிந்ததா? இல்லை! கொரியப் போரைக் காட்டி 1951-இல் தனிச் சட்டமே இயற்றினர். 1964 இறுதிவரை அது நீடித்தது. 22 ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 46 லட்சம்.

ஏட்டிலே என்ன எழுதியிருந்தது? தங்க இடம், போக்குவரத்துச் செலவு, தொடக்கத்தில் மணிக்கு 30 சென்டுக்குக் குறையாத கூலி. நாட்டிலே என்ன நடந்தது? எல்லையிலே ஆடை களைந்து நிறுத்தி, பூச்சிக்குத் தெளிப்பதுபோல் டி.டி.டி. தூள் தெளித்தனர். வயலிலே குட்டைப்பிடிக் களைக்கொத்தியைக் கொடுத்து, பொழுது சாயும்வரை முதுகு வளைய வைத்தனர். அந்தக் கருவியைக் கலிபோர்னியாவில் ஒழிக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது! முதல் சில ஆண்டுகளில் 'சேமிப்பு' என்று கூறி நூற்றுக்குப் பத்து பிடித்தனர். பலருக்கு அந்தப் பணம் வந்து சேரவேயில்லை. 1963 செப்டம்பர் 17-இல் கலிபோர்னியாவின் சுவாலார் அருகே, வேலை முடிந்து திரும்பிய தொழிலாளரை ஏற்றிவந்த வண்டி ரயிலில் அடிபட்டது. சரக்கு லாரியைப் பேருந்தாக மாற்றிய வண்டி அது. மாண்டவர் 32 பேர்.

இத்தனையும் கண்டு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது பூட்டு! அவன் தங்கும் உரிமை ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருந்தது. இந்தப் பண்ணை பிடிக்கவில்லை என்று அடுத்த பண்ணைக்குப் போக முடியாது. எதிர்த்துப் பேசினால் எல்லைக்கு அப்பால்! அவன் பேச முடியாததால், அவனருகே நின்ற உள்நாட்டுத் தொழிலாளியின் குரலும் எடுபடவில்லை. மெக்சிகோவில் பிறந்த தொழிற்சங்கவாதி எர்னெஸ்டோ கலார்சா இக்கொடுமைகளை ஆராய்ந்து 1956-இல் நூலாகவே வெளியிட்டார்.

சரி, 1964-இல் கதவை அடைத்தார்களே, கூலி உயர்ந்ததா? பலரும் உயரும் என்றே நம்பினர். மைக்கேல் கிளெமென்ஸ் முதலான பொருளியல் அறிஞர்கள் மாநிலம் மாநிலமாகக் கணக்கெடுத்து 2018-இல் ஆய்வு வெளியிட்டனர். திட்டம் ஒழிந்ததனால் உள்நாட்டார் கூலி குறிப்பிடும்படி உயரவில்லை என்றே கண்டனர். முதலாளி கூலியை உயர்த்தவில்லை, தோழர்களே! தக்காளி பறிக்கும் இயந்திரத்தை இறக்கினான். இயந்திரம் இல்லாத சில பயிர்களைக் குறைத்துக்கொண்டான்.

பிறகு எது உயர்த்தியது? 1965 செப்டம்பர் 8. கலிபோர்னியாவின் டெலானோ வட்டாரத்தில், லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஒருவனை நிறுத்திவிட்டு இன்னொருவனை வைத்துக்கொள்வது முதலாளிமாரின் பழைய வித்தை. இம்முறை அது பலிக்கவில்லை. எட்டே நாளில், சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்களும் களத்தில் குதித்தனர். நகரத்து மக்கள் திராட்சை வாங்க மறுத்தனர். ஐந்தாண்டுப் போராட்டம்! 1970-இல் தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தனர். கதவை அடைத்ததால் வந்த வெற்றியன்று; கை கோத்ததால் வந்த வெற்றி!

பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1986-இல் 'எச்-2ஏ' என்ற பெயரில் பண்ணை வேலைக்கான தற்காலிக விசாவை வகுத்தனர். 2005-இல் அதன்கீழ் ஒப்புதல் பெற்ற வேலையிடங்கள் ஏறத்தாழ 48,000. 2022-இல் 3,70,000-க்கும் மேல்! விசா இன்னும் அழைத்த முதலாளியோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமைக்குக் காப்பளித்த 1935-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமோ, பண்ணைத் தொழிலாளரை அன்று விலக்கியது. இன்றும் விலக்கியே வைத்திருக்கிறது.

கங்காணி காட்டிய கப்பலேறிக் கடல் கடந்தோரின் இனம் நாம். நமக்கு இதைப் புரிந்துகொள்வது அரிதன்று. "வெளியூரான் வந்தான், கூலி கெட்டது" என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், அவரிடம் நிதானமாகக் கேளுங்கள்: கூலியைக் கெடுத்தது வந்தவனா, அவன் வாயைக் கட்டிவைத்த ஒப்பந்தமா? பண்ணை மாறும் உரிமை அவனுக்கும் வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். ஒரே சங்கத்தில் இருவருக்கும் இடம் வேண்டும். வந்தவனுக்கு அவற்றை மறுத்துவிட்டு, இருப்பவன் தன் கூலியைக் காத்துக்கொள்ள முடியாது.

கைகள் மட்டும் போதும் என்றார்கள் அவர்கள். கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் என்பதை மறந்தார்கள். நாம் மறவாதிருப்போம்!