நுழைவாயிலும் வெளிவாயிலும்

உடல்நலம் பேண விரும்பாதார் எவருமிலர். மேலைத் தேய நகரங்களில் வாழ்வோர் பலர் அதன்பொருட்டு உடற்பயிற்சி நிலையங்களை நாடுகின்றனர். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் அங்கத்தவராகச் சேர்ந்துவிட்டால், அங்குள்ள கருவிகளை வேண்டிய வேளைகளிற் பயன்படுத்தலாம். சேர்வதற்கு ஒரு கையொப்பமும் வங்கிக் கணக்கின் இலக்கமும் போதும். விலக எண்ணும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. நுழைவாயில் அகன்றும் வெளிவாயில் ஒடுங்கியும் உள்ள கட்டடத்துள் அகப்பட்டவன் நிலையே அங்கத்தவன் நிலையுமாகின்றது. இத்தொல்லை தோன்றும் காரணத்தையும், அதனை நீக்க அரசுகளும் நீதிமன்றங்களும் செய்த முயற்சிகளையும் நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

முதலிற் காரணத்தை நோக்குவோம். டெல்லாவிஞா, மால்மென்டியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு 7,752 அங்கத்தவரின் வருகையை ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மாதக் கட்டணமாக 70 டொலருக்கு மேற் செலுத்தியோர், மாதத்துக்குச் சராசரி 4.3 முறையே அங்குச் சென்றிருந்தனர். ஒரு முறைக்கு அவர்களுக்கு 17 டொலருக்கு மேற் செலவாயிற்று. பத்து முறைக்குரிய சீட்டை வாங்கியிருப்பின், முறைக்குப் பத்து டொலரே ஆகியிருக்கும். இன்னும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. போவதை அடியோடு நிறுத்தியவர்கள்கூட, கடைசியாகச் சென்ற நாளிலிருந்து சராசரி இரண்டு மாதங்களுக்கு மேற் கழிந்த பின்னரே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டனர்.

செல்வந்தரும் அல்லாதாரும், கற்றாரும் கல்லாதாரும், 'அடுத்த வாரம் போகலாம்' என்று நாளைக் கடத்துவது மனித இயல்பு. போகாதவன் விலகுவதையும் அவ்வாறே நாளைக்கென ஒத்திவைக்கின்றான். மாதந்தோறும் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில், வாளாவிருத்தலே சம்மதமாகக் கொள்ளப்படுகின்றது.

நிலையம் நடத்துவோர் பக்கத்து நியாயத்தையும் மறுத்தலாகாது. கட்டட வாடகை, கருவிகளின் விலை, ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கு நிச்சயமான வருவாய் வேண்டும். ஓராண்டு தங்குவதாக வாக்களிப்பவனுக்குக் கட்டணத்தைக் குறைத்து, அவ்வாக்கை நிறைவேற்றுமாறு கேட்பதிற் குற்றமில்லை. ஆனால், மனித இயல்பின் தளர்ச்சியையே முதலாகக் கொண்டு, விலகும் வழியிலே வேண்டுமென்று தடைகளை அடுக்குவது வேறு. நேரில் வரவேண்டும் என்பர். வந்தால் உரிய முகாமையாளர் இல்லை என்பர். கடிதம் பதிவுத் தபாலில் வரவேண்டும் என்பர். சலிப்புற்றவன் வங்கிக்குச் சென்று கொடுப்பனவை நிறுத்திவிடுகின்றான். அதனால் ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை. நிலுவை வளர்கின்றது, கடன் அறவிடுவோரின் கடிதம் வந்து சேர்கின்றது.

இங்கிலாந்திலே இத்தகைய வழக்கொன்று உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. உடற்பயிற்சி நிலையங்களுக்காக ஒப்பந்தங்களை வரைந்து கட்டணம் அறவிட்டு வந்த ஆஷ்போண் என்னும் நிறுவனத்தின்மீது, நியாய வாணிப அலுவலகம் அவ்வழக்கைத் தொடுத்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் நீதியரசர் கிச்சின் தீர்ப்பளித்தார். இரண்டாண்டு, மூன்றாண்டு என அங்கத்தவரைக் கட்டிவைத்த நிபந்தனைகள் நியாயமற்றவை என அவர் கண்டார். இடையிலே நோயோ வேலையிழப்போ நேரலாம் என்பதைச் சேரும்போது சாதாரண மனிதன் எண்ணிப்பார்ப்பதில்லை. அவ்வறியாமையை இலாபமாக்கலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஜேர்மனி பிறிதொரு வழியைக் கண்டது. 2022ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம், இணையத்தளத்தின் மூலம் தொடர் ஒப்பந்தங்களைச் செய்ய இடமளிக்கும் நிறுவனம், விலகுதற்குரிய பொத்தானையும் அத்தளத்திலே தெளிவாக வைக்கவேண்டும் என்பது அங்கே சட்டமாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வாணிப ஆணைக்குழுவும், சேர்வது எத்துணை எளிதோ விலகுவதும் அத்துணை எளிதாயிருத்தல் வேண்டும் என்னும் விதியை 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் இயற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமுன்னரே, 2025ஆம் ஆண்டு யூலையில், மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அதனை நீக்கிவிட்டது. விதியின் நோக்கம் பிழையென்று நீதிமன்றம் கூறவில்லை. அதன் பொருளாதார விளைவை முன்கூட்டி ஆராயவேண்டிய முறை பின்பற்றப்படவில்லை என்பதே காரணம். அடுத்த மாதத்திலேயே ஆணைக்குழு, முன்னரே நிலவிய சட்டங்களைத் துணைக்கொண்டு, பெரிய உடற்பயிற்சி நிறுவனமொன்றின்மீது வழக்குத் தொடுத்தது. விலக விரும்புவோர் படிவத்தை அச்சிட்டுக் குறித்த ஓர் ஊழியரிடமே கொடுக்கவோ தபாலில் அனுப்பவோ வேண்டியிருந்தது என்பது ஆணைக்குழுவின் முறைப்பாடு.

சட்டம் வரும் வேகம் எங்கும் ஒன்றன்று. ஆதலால், சேர்பவர் தாமே சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். கட்டாயக் காலம் எத்தனை மாதம், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், அதனை எவருக்கு எவ்வகையில் அனுப்புவது என்பனவற்றைக் கையொப்பமிடுமுன் வாசித்தறிதல் நன்று. விலகும்போது எழுத்திலே அறிவித்து, திகதியிட்ட பிரதியையும் பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் பேணல் வேண்டும். அவ்வறிவித்தலின் பின்னரே வங்கிக் கொடுப்பனவை நிறுத்துவது முறை.

ஆழமறியாமற் காலை விடாதே என்று நம் முன்னோர் கூறினர். அவ்வறிவுரை வாங்குவோனுக்கு உரியது. ஆழத்தை மறைத்து வைக்காதே என்பது விற்போனுக்கு உரியது. இரண்டும் ஒருங்கு பேணப்படும் இடத்திலேயே வாணிகம் அறமாக நிலைபெறும்.