தைத்த கப்பல்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஐம்பது ஆண்டுச் சாதனைகளை முன்னே பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாம் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்கிறோம்.

1998-ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் ஒரு பழங்கப்பலின் சிதைவு கிடைத்தது. ஏறக்குறைய 60,000 சீனப் பீங்கான் பொருட்கள் அதில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்குரிய சீனத் தேதி எழுதியிருந்தது. சரக்கு சீனத்துடையது, கப்பலோ அரபு நாட்டு முறையில் கட்டியது. பலகைகளை ஆணியில்லாமல், துளையிட்டுக் கயிற்றால் தைத்திருந்தார்கள்.

அதே முறையில் ஒரு கப்பலை ஓமான் நாட்டார் மஸ்கட் அருகே கந்தாப் கடற்கரையில் கட்டினார்கள். நீளம் 18 மீட்டர். தைக்கத் தெரிந்த கைகள் வேண்டுமே! கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர்கள் போய்த் தென்னைநார்க் கயிற்றால் தைத்தார்கள். ‘ஜூவல் ஆஃப் மஸ்கட்’ என்று பெயரிட்டுச் சிங்கப்பூருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள்.

2010 பிப்ரவரி 16-இல் பாய் விரித்த அந்தக் கப்பல் கொச்சி, காலி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாக ஜூலை 3-இல் சிங்கப்பூர் சேர்ந்தது. வழியில் பாய்மரம் விரிசல் கண்டு, காலியில் இலங்கை மரத்தால் புதிது நாட்டினார்கள். கடைசியாக மூவார், பத்து பகாட், பொந்தியான் என நம் ஜொகூர்க் கரையோரக் கடலைக் கடந்துதான் போயிற்று. நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

தைத்த படகு நமக்கும் பழக்கமானதுதான். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், தூரத்தில் நின்ற கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோன மசூலா படகு கயிற்றால் தைத்ததே. அலை மோதும்போது அது வளைந்து கொடுக்கும், உடையாது. ஆனால் கயிறு நைந்துபோகும். காலம் தவறாமல் பிரித்துப் புதுக்கயிற்றால் தைக்க வேண்டும். தைக்காமல் விட்டால், பலகை நன்றாயிருந்தும் படகு போய்விடும்.

நம் சங்கமும் அப்படித்தான். கட்டடம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. கயிறு நைந்திருக்கிறது. இந்த மலருக்காகப் பழைய படங்களை எடுத்தபோது அது தெரிந்தது. தொடக்ககாலப் படங்களில் நிற்கிறவர்கள் பலரின் பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை. குற்றம் நம்முடையது. கேட்டு எழுதிவைக்க நமக்கு ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தவர்கள் சிலர் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கப்பல் 1973-இல் ஓட்டத்தை நிறுத்தியது. அதில் சிறு பிள்ளையாக வந்தவருக்கும் இப்போது நரைத்துவிட்டது.

பிள்ளைகளே, இன்றிரவே உங்கள் அத்தாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? யார் வழியனுப்பினார்கள்? கையில் என்ன இருந்தது? அவர்கள் சொல்வதை எழுதுங்கள். படத்தின் பின்புறம் பெயர்களைக் குறியுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுங்கள்.

பெலித்துங் கடலில் அறுபதாயிரம் பீங்கான் கிடைத்தன. அவற்றை ஏற்றிவந்த மாலுமிகளின் பெயர் இன்றுவரை தெரியாது. நம்மை ஏற்றிவந்தவர்களுக்கு அந்த நிலை வரவிடக் கூடாது.